கிரவுன் ஆயில் எவ்வளவு ஊற்றுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிரவுன் ஆயில், அதாவது பின் அச்சின் நடுவே உள்ள கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்குமான ஆயிலைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நான் பிக்அப் வேன் ஓட்டுகிறேன். எப்போதும் முழு லோடு. லோடு வண்டிக்கு அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால் கிரவுன் தேயாது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (நாமக்கல்)

வேண்டாம். இந்தப் பற்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங்கின் அடியில் கிடக்கும் ஆயிலில் கிரவுன் வீலின் கீழ்ப்பகுதி மட்டும்தான் மூழ்க வேண்டும். அது சுழலும்போது ஆயிலை வாரி மேலே வீசும். அந்த ஆயில் வார்ப்பில் உள்ள வழியாக ஓடி பினியன் பேரிங்குகளுக்குப் போகும். மட்டம் குறைந்தால் முதலில் காய்வது முன்பக்கத்துப் பினியன் பேரிங். மட்டம் கூடினால் கிரவுன் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும்; சூடு ஏறும், நுரை கட்டும். நுரையில் பாதி காற்று என்பதால் பற்களுக்கு நடுவே ஆயில் படலம் நிற்காது. மிச்ச ஆயில், அச்சு முனையில் கசிவைத் தடுக்கும் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய்விடும். தேய்மானத்தைத் தடுக்க ஊற்றிய ஆயிலே பிரேக்கைக் கெடுக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் சரியான அளவு என்பது ஆயில் ஊற்றும் லெவல் பிளக் துளையின் கீழ் விளிம்பு. ஓடி வந்த வண்டி என்றால் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் வடிந்து இறங்கக் கொஞ்ச நேரம் விடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி மடக்குங்கள். விளிம்பை ஒட்டியே ஆயில் தட்டுப்பட வேண்டும். ஊற்றும்போது வழிந்தால், வழிவது நின்ற பிறகு பிளக்கைப் போடுங்கள். எல்லா வண்டிக்கும் இதே கணக்கு இல்லை. டொயோட்டாவின் பல மாடல்களுக்கு விளிம்பிலிருந்து 5 மி.மீ. கீழே வரை இருக்கலாம் என்று கையேடே சொல்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆயிலை மாற்றுவதாக இருந்தால் மேலே உள்ள லெவல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழே வடித்த பிறகு மேல் பிளக் இறுகிப்போய்க் கழலவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டியோடு நடுவழியில் நிற்பீர்கள்.

வீட்டு வாசலில் பார்த்தால் ஆயில் குறைவு, மேட்டுப்பாளையம் ஷெட்டில் பார்த்தால் சரி. எதை நம்புவது? (கோத்தகிரி)

ஷெட்டை நம்புங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் மட்டம் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி கொடுத்துத் தூக்கினாலும் இதே பிழைதான். குழி உள்ள ஷெட்டில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது பார்ப்பது நல்லது.

வெள்ளத்தில் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மூழ்கும் அளவுத் தண்ணீரில் ஜீப் ஓட்டினேன். பிறகு பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது! (சென்னை, வேளச்சேரி)

ஏறியது தண்ணீர். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்று போய்வரும் துளையான பிரீதர் வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கலங்காமல் தனியாக நிற்கும் தண்ணீர் அடியில் தங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கீழ்ப் பிளக்கை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீரே சொட்டும்.

உடனே வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வெளுத்தால் மறுபடி மாற்றுங்கள். செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டால் பேரிங்கில் துரு குழி விழும், அதன்பின் ஹவுசிங்கையே பிரிக்க வேண்டியிருக்கும்.

லாரியில் மாதாமாதம் ஆயில் குறைகிறது, ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். பின் சக்கரம் ஒன்றில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. (சங்ககிரி)

இனி ஊற்றி மட்டும் ஓட்டாதீர்கள். குறைகிற ஆயில் அந்த டிரம்முக்குள்தான் போகிறது என்று தோன்றுகிறது. லோடோடு மலைப்பாதையில் இறங்கும்போது அது உயிர்ப் பிரச்சினை. டிரம்மை இன்றே கழற்றிப் பாருங்கள். ஆயில் குடித்த பிரேக் லைனிங்கை டீசலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுகிற பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், மாற்றத்தான் வேண்டும். ஹப் கிரீஸையும் ஆயில் கழுவியிருக்கும், பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள்.

சீல் மாற்றும் முன் ஹவுசிங் மேலுள்ள பிரீதரைப் பாருங்கள். அதில் சேறு அடைத்திருந்தால் சூட்டில் விரியும் காற்றுக்குப் போக வழியில்லை, சீலைத்தான் தள்ளும். அடைப்பை எடுக்காமல் போடும் புது சீலும் நிற்காது.

மீந்த 90 (கெட்டித்தன்மை எண்) கியர் ஆயிலை டிராக்டரின் பின் அச்சில் ஊற்றலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. பல டிராக்டர்களில் கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் லிஃப்ட், ஆயிலில் மூழ்கி இயங்கும் பிரேக் எல்லாம் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. அதற்கென்று தனி ஆயில் உண்டு. அதற்குப் பதில் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் அதிரும், லிஃப்ட் மந்தமாகும். மட்டம் பார்க்கும்போது லிஃப்ட் கைகளை இறக்கி வையுங்கள். தூக்கி நின்றால் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயில் கணக்கில் வராது.

என் ஸ்விஃப்ட் காருக்குக் கிரவுன் ஆயில் எப்போது மாற்ற வேண்டும்? (திருநெல்வேலி)

அது முன்சக்கர இழுவை வண்டி. சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் முன்னால் கியர் பாக்ஸோடு சேர்ந்திருக்கிறது. பின் அச்சில் ஆயிலே இல்லை.

கிரவுன் ஊளையிடுகிறது. மட்டம் சரி. இன்னும் கெட்டியான 140 ஆயில் ஊற்றினால் சத்தம் போகும் என்கிறார்கள். (ஓசூர்)

சத்தம் கொஞ்சம் அடங்கலாம், தேய்மானம் அடங்காது. கையேடு 80டபிள்யூ-90 என்றால் அதையே ஊற்றுங்கள். டப்பாவில் ஜிஎல்-5 என்ற தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். பினியன் மையத்திலிருந்து விலகி நிற்கும் ஹைப்பாய்டு வகைக் கிரவுன் பினியனில் பற்கள் உருள்வதோடு உரசி வழுக்கவும் செய்வதால் ஜிஎல்-4 தாங்காது. பிறகு வடிக்கும் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மை போன்ற பசை இருந்தால் இயல்பு. செதில்களோ பல்லின் துணுக்கோ ஒட்டியிருந்தால் வண்டியை ஓட்டாமல் ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள்.