மாங்குளத்துப் பற்றைச் செடி: பதில்

வணக்கம். இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியிலுள்ள மாங்குளத்துக் காட்டோரத்தில் நீங்கள் படமெடுத்த, சிறிய இலைகளும் செந்நிறப் பழங்களும் கொண்ட செடியைக் கைப்பேசிச் செயலி கொட்டோனியாஸ்டர் என்று காட்டியதை நான் ஏற்கமாட்டேன். அது குளிர்ந்த மலைநிலத்துச் செடி. இமயத்திலும் சீனாவிலும் பரவலாகவும், நமக்கு அண்மையில் நீலகிரியின் உயரங்களிலும் வளர்வது. வன்னியின் வெப்பமான உலர்காட்டில் அது தானாக முளைத்திருக்க வாய்ப்பில்லை.

பழத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொட்டோனியாஸ்டர் ஆப்பிளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் பழத்தில் காம்புக்கு எதிர்ப்புறத்து நுனியில் ஐந்து புல்லியிதழ்களின் (பூவின் வெளிப்புறத்து இதழ்கள்) எச்சம் சிறு முடிபோல் நிற்கும். உங்கள் படத்திலோ புல்லியிதழ்கள் காம்பின் பக்கமே ஒட்டியுள்ளன. இலையோரமும் பொருந்தவில்லை: கொட்டோனியாஸ்டர் இலையில் பற்களே இரா, இதிலோ நுனியில் மட்டும் சில பற்கள் தெரிகின்றன.

என் கணிப்பு, கார்மோனா ரெட்டூசா எனப்படும் குரங்குவெற்றிலை. இலையின் மேற்புறம் சொரசொரப்பாகவும் வெண்புள்ளிகளுடனும், பூக்கள் சிறிதாகவும் வெண்மையாகவும் இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். கிளையை ஒடித்தால் பால் வடிந்து, இலைகள் எதிரெதிராக இருந்து, முள்ளும் இருந்தால் கிளாச் செடி என்று கருதலாம். அதன் காய் சிவந்து பின்னர் கருக்கும்.

இலையின் இருபுறத்தையும், குறுக்கே வெட்டிய பழத்தையும் அருகிலிருந்து படமெடுத்து இடுங்கள். அதுவரை பழத்தை வாயில் வைக்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள பக்கமாயின், படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.