கோட்டை ரயிலில் எந்தப் புத்தகம் படிப்பது?

கேள்வி: பள்ளிக்கூடக் காலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் படித்தவள் நான். இப்போது வயது 43. தெகிவளையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். கந்தோரில் எல்லோரும் ஏதாவது ஒரு புதுப் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். நம்மவர் எழுதியது, புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது என்று அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நோர்த்’ நாவலை ஆசையாக வாங்கினேன். நாற்பதாவது பக்கத்தில் நின்றுவிட்டது. என் மூளை மழுங்கிவிட்டதா? மகளுக்குப் பதினைந்து வயது, இங்கிலிஷில் மட்டும்தான் படிப்பாள். கணவர் பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைத் தவிர எதையும் தொடமாட்டார். எங்கள் வீட்டுக்கு என்ன புத்தகங்கள் சொல்வீர்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தெகிவளை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்திலும் குறை இல்லை. அதைப் படிக்க நீங்கள் தேர்ந்த இடம்தான் சரியில்லை. கிருஷன் என்ற இளைஞன், தன் அப்பம்மாவைப் பராமரித்த ராணியின் செத்தவீட்டுக்காகக் கொழும்பிலிருந்து வடக்கே போகிறான். வெளியே நடப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவனுடைய மனதுக்குள் நடக்கிறது. வசனங்கள் நீண்டு நீண்டு போகும். இடையில் மூச்சுவிட ஒரு உரையாடல்கூடக் கிடைக்காது. பம்பலப்பிட்டியில் ஒருவர் உங்கள் காலை மிதித்துக்கொண்டு ஏறும்போது வசனத்தின் தொடக்கம் மறந்துவிடும், திரும்ப மேலே போக வேண்டும். இரண்டு தரம் அப்படிப் போனால் யாருக்கும் அலுக்கும். அதை ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறைப் பின்னேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். விருதுப் பட்டியலில் இருந்ததற்காக ஒரு புத்தகத்தை முடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை.

‘பொன்னியின் செல்வ’னை ஏன் விடாமல் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வயது ஒரு காரணம், சரி. ஆனால் கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழ் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கில் ஒவ்வொரு அத்தியாயமும் வெட்டப்பட்டிருக்கிறது. விட்டு விட்டுப் படிக்கிறவர்களுக்கென்றே செய்த எழுத்து அது. உங்களுக்கு இப்போது தேவையானதும் அதுதான்: ஏறி இறங்குவதற்குள் ஒரு துண்டு முடிய வேண்டும், நாளைக்குத் திரும்ப எடுக்கவும் தோன்ற வேண்டும். என்ன வகைக் கதை, யார் எழுதியது என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அந்த வழியில் அண்மைக் காலத்தில் வந்தது சு.வெங்கடேசனின் ‘வேள்பாரி’. ஆனந்த விகடனில் தொடராக வந்து பிறகு இரண்டு பெரிய பாகங்களாக வெளியானது. பறம்பு மலைப் பாரியை மூவேந்தர் முற்றுகையிட்ட கதை. சங்கப் பாட்டுப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஆளுக்குப் பாரியின் முடிவு தெரியும். தெரிந்தும் படிக்க வைக்கிறார். காடு, மூலிகை, விலங்கு பற்றிய சேதிகள் சில இடத்தில் கொஞ்சம் கூடிப்போகின்றன, அதைத் தாண்டிப் போகலாம். ஒரே தொல்லை அதன் பாரம். கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலில் நிற்க முடியாது. வீட்டில் வைத்து இரவில் படியுங்கள்.

ரயிலுக்கு என்றால் நான் முதலில் சொல்லும் பெயர் அ.முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்தவர், ஆபிரிக்க நாடுகளில் வேலை செய்தவர், இப்போது கனடாவில் இருக்கிறார். அவருடைய சிறுகதைகளை எங்கே திறந்தாலும் படிக்கலாம். முதல் பத்தியிலேயே ஒரு ஆள் வந்து நிற்பார். யாழ்ப்பாணத்துக்காரராகவும் இருக்கலாம், சோமாலியாக்காரராகவும் இருக்கலாம். சிரிக்க வைத்துக்கொண்டே போய் கடைசி இரண்டு வரியில் நெஞ்சைப் பிடிப்பார். நாவல்தான் வேண்டும் என்றால் ‘கடவுள் தொடங்கிய இடம்’. ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு பொடியன் ஏஜென்டுகளின் கையில் நாடு நாடாக மாறி மாறிப் போகும் கதை. வெள்ளவத்தையில் அப்படி ஒருவரை வழியனுப்பாத வீடு குறைவு. அதனாலேயே சிலருக்கு அது பொழுதுபோக்காக இராது. ஆனாலும் வேகமாக ஓடும்.

ஜெயமோகனின் ‘அறம்’ கதைகளைப் படித்திருக்காவிட்டால் அதையும் சேருங்கள். வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதிய கதைகள். ‘யானை டாக்டர்’ போகவர இரண்டு பயணத்தில் முடியும். ‘சோற்றுக்கணக்கு’ படிக்கும்போது பசிக்கும். சாப்பிட்டவர் விரும்பிய காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போகும் ஒரு சாப்பாட்டுக் கடை, அதை நடத்திய கெத்தேல் சாகிபு. அவ்வளவுதான் விசயம், ஆனால் மறக்காது.

உங்கள் கந்தோரில் கதைக்கிறவற்றில் ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா’ கட்டாயம் இருக்கும். 2022இல் புக்கர் வாங்கியது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. படப்பிடிப்பாளர் மாலி செத்துப்போய் மறு உலகத்தில் கண் விழிக்கிறான். அங்கேயும் வரிசை, அங்கேயும் படிவம். அவனது உடல் பேரை வாவியில் கிடக்கிறது. யார் கொன்றது என்று கண்டுபிடிக்க ஏழு இரவுகள். இதை விருது நாவல் என்று பயந்து எடுக்காதீர்கள், துப்பறியும் கதை என்று எடுங்கள். முதல் ஐம்பது பக்கம் பேய்களின் கூட்டத்தில் கொஞ்சம் திணறும், பிறகு வழி பிடிபடும். கெட்ட வார்த்தையும் இரத்தமும் உண்டு.

வி.வி.கணேஷானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ பற்றி இரண்டு மனதாக இருக்கிறேன். 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்ற நாவல். டாக்டராக வேண்டும் என்று படிக்கும் யாழ்ப்பாணத்துச் சசியின் வாயால் சொல்லப்படுகிறது. எழுத்து தெளிவானது, அத்தியாயங்கள் இழுத்துக்கொண்டு போகும், நான் சொன்ன கணக்குக்கு முழுதாகப் பொருந்தும். ஆனால் 83 ஜூலைக் கலவரம் அதில் வருகிறது. உங்கள் வீட்டில் அந்த நாட்களின் நினைவு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகும் வழியில் படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

மனதுக்குப் பாரம் இல்லாமல் ஏதாவது வேண்டும் என்றால் ரிச்சர்ட் ஒஸ்மனின் ‘த தேர்ஸ்டே மேர்டர் கிளப்’. இங்கிலாந்தில் ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் நான்கு முதியவர்கள் வியாழக்கிழமைகளில் கூடி, பொலிஸார் தீர்க்காமல் விட்ட வழக்குகளை ஆராய்கிறார்கள். கொலைகள் நடந்தும் பயம் வராது. இரண்டு மூன்று பக்கத்தில் அத்தியாயங்கள் முடிந்துவிடும். ஜப்பானிய எழுத்தாளர் தொஷிகாசு கவகுச்சியின் ‘பிஃபோர் த கோஃபி கெட்ஸ் கோல்ட்’ இன்னும் இலகு. கோப்பி ஆறுவதற்குள் இறந்த காலத்துக்குப் போய்த் திரும்பலாம் என்று ஒரு கடை. நாலு கதை, நாலும் கண்ணைக் கசக்க வைக்கப் பார்க்கும். எனக்கு இரண்டாவது கதையோடு போதும் என்றிருந்தது, ஆனால் அதை விரும்பிப் படிப்பவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. சமந்தா ஹார்வியின் ‘ஓர்பிட்டல்’ 2024இல் புக்கர் பெற்றது, நூற்று நாற்பது பக்கம்கூட இல்லை. மெல்லிய புத்தகம் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். ஆறு விண்வெளி வீரர்கள் ஒரே நாளில் பூமியைப் பதினாறு தரம் சுற்றுகிறார்கள். கதை என்று சொல்ல ஒன்றும் நடக்காது, பார்ப்பதும் நினைப்பதும்தான். அழகானது, ஆனால் அதுவும் போயா நாள் புத்தகம்.

மகளிடம் வருவோம். இங்கிலிஷில் மட்டும் படிக்கிறாள் என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, ஒரே புத்தகத்தை இரண்டு மொழியில் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ அதற்குத் தோதானது. ஒரு கிழவன் கிழவியிடம் வந்து சேரும் கறுப்பு ஆட்டுக்குட்டியின் வாழ்க்கை. ஆட்டுக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று வரும் பகுதியை அவள் சிரித்துப் படிப்பாள், நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். என்.கல்யாணராமன் அதை இங்கிலிஷில் தந்திருக்கிறார். நீங்கள் தமிழில், அவள் இங்கிலிஷில். ஆடு சினைப்படும் இடங்கள் உண்டு; பதினைந்து வயதுக்கு அது பெரிய விசயமில்லை. ‘அறம்’ கதைகளும் 2022இல் பிரியம்வதா ராம்குமாரின் மொழிபெயர்ப்பில் வந்துவிட்டன. மாயாஜாலக் கதை விரும்புகிறவள் என்றால், ஓரிரு வருடத்தில் வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ கொடுக்கலாம். கொழும்பு எழுத்தாளர், அந்த நாவலுக்கு, அறிவியல், மாயாஜாலக் கதைகளுக்குக் கொடுக்கும் நெபியூலா விருது கிடைத்தது. சுலபமான புத்தகம் இல்லை.

கணவருக்கு ஷெஹான் கருணாதிலகவின் முதல் நாவல் ‘சைனாமேன்’. குடியில் கிடக்கும் வயதான விளையாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர், காணாமல் போன சுழற்பந்து வீச்சாளர் பிரதீப் மத்தியூவைத் தேடுகிறார். சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதியது, பேப்பர் படிக்கிறவருக்குப் பழகிய அளவு. கையில் கொடுத்து “படியுங்கோ” என்று சொல்லாதீர்கள். டீவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அப்படி ஒரு வீச்சாளர் இருந்தாரா இல்லையா என்று அவராகவே உங்களிடம் கேட்பார்.

இத்தனையும் வாங்க வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் புத்தகத்தின் விலை உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்து நூலகம் உங்களுக்குப் பக்கம்தான். ஆங்கில நாவல்களுக்கு விகாரமாதேவி பூங்காவுக்கு அருகில் உள்ள பொது நூலகத்தையும் பாருங்கள். பழைய ஈழத்து நூல்களை நூலகம் இணையத்தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். வாங்குவதென்றால் முத்துலிங்கத்தில் ஒரு தொகுப்பை மட்டும் பூபாலசிங்கம் புத்தகசாலையில் வாங்கிக் கைப்பையில் போடுங்கள். மற்றவற்றுக்குச் செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வரை பொறுக்கலாம். மகளையும் கூட்டிக்கொண்டு வேலை நாளில் போங்கள், சனி ஞாயிறில் உள்ளே நடக்கவே இடம் இராது.