பரம்பரையில் வரும் காது கேளாமை: ஆடியாலஜிஸ்ட் (கேட்பு நிபுணர்) பதில்கள்

குடியாத்தம் வாசகி: எங்கள் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். பையனுக்குப் பிறவியிலேயே கேட்கவில்லை. இது எப்படிப் பரம்பரை ஆகும்?

ஆகும். பரம்பரைக் கேளாமையோடு பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் நன்றாகக் கேட்பவர்கள்தான். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதியாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். வெளியே தெரியவே தெரியாது. இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் கேட்காது. நம் நாட்டில் அடிக்கடி அகப்படுவது ஜிஜேபி2 என்ற ஜீன். உள்காதில் பொட்டாசியம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் வாசலான கனெக்சின் 26 புரதம் அதிலிருந்துதான் உருவாகிறது.

ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு நாலில் ஒன்று. 'ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்' என்று கணக்குப் போடாதீர்கள். அடுத்த பிள்ளைக்கு முன் ஜெனட்டிக் கவுன்சலிங் (பரம்பரைக் கோளாறு பற்றிய ஆலோசனை) போய் வாருங்கள்.

ஆற்காடு: காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா?

வேண்டாம். கோளாறு உள்காதில். எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது.

ஆம்பூர்: மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்பு குறைந்தது. பிள்ளைக்கும் வருமா?

வராது. சத்தத்தால் போனது ஜீனில் ஏறாது. காதடைப்பான் போடுங்கள்.

வாணியம்பாடி: டிபி ஊசி போட்டு அம்மாவுக்குக் காது போனது. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை ஊசிகள் யாருக்கும் காதைக் கெடுக்கலாம். சிலருக்குச் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் ஜீனில் ஒரு மாற்றம் இருப்பதால் கொஞ்சம் மருந்தே போதும். அது தாய்வழியாக மட்டும் இறங்கும். உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஊசி போடும்முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அணைக்கட்டு: சொந்தத்தில் கட்டினால் செவிடு என்று பயமுறுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அக்காள் மகளைத்தான் கட்டுகிறோம். எல்லோருக்கும் பாம்புச் செவி!

உங்கள் குடும்பத்தில் அந்தப் பழுது இல்லாமலிருக்கலாம். சந்தோஷம். ஆனால் இருந்தால்? தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாகக் கால் பங்கு ஜீன்களைப் பகிர்கிறார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் அரைக்கால் பங்கு. ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்கு ஏறுகிறது.

ராணிப்பேட்டை: அந்நியத்தில் கட்டிய எங்களுக்கும் பெண்ணுக்குக் கேட்கவில்லையே? அணைக்கட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

இருவரும் ஒரே தவறைச் செய்கிறீர்கள்: ஒரு வீட்டை வைத்து விதி எழுதுகிறீர்கள். அந்நியத்தில் வாய்ப்பு குறையும், ஒழியாது. அவ்வளவு ஏன், இப்படி இரண்டு பிரதியும் பழுதாகிக் கேளாத இருவர் மணந்தும், பழுதான ஜீன்கள் வேறு வேறாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்!

அணைக்கட்டு (மறுபடியும்): அப்படியானால் சொந்தத்திலும் பயமில்லைதானே?

மேலே உங்களுக்குச் சொன்ன பதிலை மறுபடி படியுங்கள்.

காட்பாடி: ஒன்றரை வயது, இன்னும் பேசவில்லை. அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினாராம்...

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் கேட்பு நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் சோதனை) எடுங்கள். இந்த வாரமே.