சுமுகமா, சுமூகமா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கடிதத்தில் 'மிகவும் சுமூகமான மனிதர்' என்று எழுதினேன். சுமுகம்தான் சரி, அதையும் ஆளுக்குச் சொல்லக்கூடாது என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகன் சொன்ன இரண்டுமே சரிதான். சுமுகம் வடமொழிச் சொல். சு என்றால் நல்ல, முகம் நமக்குத் தெரிந்த முகமேதான். பிள்ளையாருக்குப் பதினாறு நாமம் சொல்லி அர்ச்சனை செய்யும்போது முதலில் வருவது 'ஓம் சுமுகாய நம', அதாவது இனிய முகம் உடையவர். சமூகம் என்ற சொல் காதில் ஊறிப்போனதாலோ என்னவோ இதிலும் மு நீண்டுவிட்டது, செய்திகளில்கூட சுமூகம் என்றே வருகிறது. பேச்சில் போகட்டும், எழுத்தில் குறிலே இருக்கட்டும்.

உங்கள் மகன் சொன்ன இரண்டாவது விஷயம்தான் முக்கியம். வடமொழியில் ஆளைக் குறித்த சொல், தமிழில் ஆளை விட்டு உறவுக்குப் போய்விட்டது. பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது, பாகப்பிரிவினை சுமுகமாக நடந்தது, மாமியாரும் மருமகளும் இப்போது சுமுகமாக இருக்கிறார்கள் என்கிறோம், இதில் எதை எடுத்தாலும் ஒரு சண்டை ஏற்கெனவே நடந்திருக்கிறது, இல்லையென்றால் நடந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார்கள். 'எனக்கும் என் தங்கைக்கும் சுமுகமான உறவு' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "ஏன், நடுவில் என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள்.

'முகநக நட்பது நட்பன்று' என்றார் வள்ளுவர். அதற்காகச் சுமுகத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். பொதுச்சுவர் தகராறில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த இரண்டு குடும்பங்கள் தெருவில் எதிர்ப்பட்டால் முகம் கொடுத்து நாலு வார்த்தை பேசுகிறார்கள் என்றால் அது பெரிய விஷயம், அந்த நிலையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன எழுதலாம்? 'சிநேகமான மனிதர்' என்று எழுதுங்கள். சிநேகம் என்ற வடசொல்லுக்கு எண்ணெய், பசை என்றும் பொருள் உண்டு, ஒட்டுதல் அதிலேயே இருக்கிறது. ஆனால் தமிழில் இந்தக் குணத்தைப் பெரும்பாலும் வினையாகத்தான் சொல்வோம்: 'நன்றாகப் பழகுவார்', 'முகம் பார்த்துச் சிரித்துப் பேசுவார்'. எனக்குப் பிடித்தது இதுதான்.

'நட்பான மனிதர்' என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். நட்பு இருவருக்கு நடுவில் இருப்பது, தனி ஒருவரின் குணமாகச் சொன்னால் ஒட்டாமல் நிற்கிறது, 'எங்களோடு நட்பாக இருப்பவர்' என்றால் சரியாகிவிடும். தோழமையும் அப்படித்தான், அதோடு 'தோழமைக் கட்சி' என்று சொல்லிச் சொல்லி அதில் கொஞ்சம் கூட்டணி வாசனையும் ஏறிவிட்டது.