குங்ஃபூ என்றால் உண்மையில் என்ன பொருள்?

'குங்ஃபூ' என்ற சீனச் சொல்லுக்குள் சண்டையே இல்லை. காலமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்ற தேர்ச்சி என்பதே அதன் மூலப்பொருள். தென்சீனாவின் சாவோசூ வட்டாரத்தில், சிறிய மண் கெண்டியில் தேயிலையை நிறைய இட்டுக் கொதிநீர் ஊற்றி, சில நொடிகளிலேயே குட்டிக் கோப்பைகளில் வடிக்கிறார்கள். அதற்கும் 'குங்ஃபூ தேநீர்' என்றுதான் பெயர்! நம் 'கைப்பக்குவம்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் ரசத்துக்கு அது பல ஆண்டுப் பழக்கத்தால் வந்தது.

போர்க்கலையைக் குறிக்கும் சொல் 'வூஷூ'. வூ என்றால் போர், ஷூ என்றால் கலை. 1928இல் நான்கிங் நகரில் போர்க்கலைக்கென மத்தியப் பயிற்சிக் கழகம் தொடங்கிய சீன அரசு, தேசிய உணர்வை ஊட்ட அக்கலையை 'குவோஷூ', அதாவது நாட்டின் கலை என்று அழைத்தது. 1970களில் ஹாங்காங் படங்கள் பரவியபோதுதான் குங்ஃபூ உலகெங்கும் சண்டையின் பெயராயிற்று.

கராத்தே என்பது குங்ஃபூவின் இன்னொரு பெயர் அன்று. அது இன்றைய ஜப்பானின் ஒகினாவா தீவில் உருவான தனிக்கலை.