மார்த்தாண்டம் வீடு, டெக்னோபார்க் வேலை: கார் வாங்கவா, அங்கேயே தங்கவா?

வயது 25, வீடு கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில், திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஐடி வேலை. 12 லட்சம் கடனில் கார் எடுத்து வீட்டிலிருந்தே போய்வரலாமா, திருவனந்தபுரத்தில் அறை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறை எடுங்கள் தம்பி. 12 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 24,900 ரூபாய். வட்டி மட்டுமே 3 லட்சத்தை ஒட்டி வரும். போகவர சுமார் 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடினாலும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும், 22 நாளுக்கு ஏறக்குறைய 14,700 ரூபாய் போய்விடும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தனி. இரண்டு பேர் பங்கிடும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் இந்த மொத்தச் செலவில் பாதிகூட ஆகாது.

பணத்தைவிட எனக்குக் கவலை அந்தச் சாலைதான். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் எந்த விலை வண்டியும் ஊர்ந்துதான் போகும். அலுத்துப்போய் ராத்திரி மழையில் ஓட்டிவர வேண்டும். வீட்டில் அம்மா தூங்காமல் இருப்பார்கள்.

வெள்ளி சாயங்காலம் ரயிலேறி மார்த்தாண்டம் பக்கத்திலிருக்கும் குழித்துறையில் இறங்கினால் ராத்திரிக்கு மரச்சீனியும் மீன்கறியும் வீட்டில் கிடைக்கும். அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி தேவையென்றால், நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி வீட்டில் விடுங்கள்.