விண்டோஸை விட லினக்ஸ் பாதுகாப்பானதா? அலுவலகத்தை மாற்றலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: பத்து கம்ப்யூட்டர் உள்ள ஆடிட்டர் அலுவலகம், எல்லாமே விண்டோஸ் 10. ஒரு நண்பர் "லினக்ஸுக்கு மாறினால் வைரஸ் தொல்லையே கிடையாது" என்கிறார். இன்னொருவர் "இலவசமாகக் கிடைப்பதை நம்பி எப்படித் தொழில் செய்வது, பின்னால் ஒரு பெரிய கம்பெனி நிற்க வேண்டாமா" என்கிறார். மூன்றாமவர் மேக் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூவர் சொல்வதிலும் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. ஆனால் திருப்பூர், ஈரோடு பக்கம் சிறு நிறுவனங்களுக்கு சர்வரும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொடுப்பது என் தொழில். அதில் நான் பார்த்தவரை, ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பெயரை வைத்து யாரும் தப்பித்ததும் இல்லை, மாட்டிக்கொண்டதும் இல்லை. எல்லா ஓஎஸ்ஸிலும் ஓட்டை வரும். வந்ததை யார் அடைக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்கள், அப்படி அடைக்கும் திருத்தம், அதாவது பேட்ச், உங்கள் மெஷின் வரை வந்து சேர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விண்டோஸுக்குக் கெட்ட பெயர் வந்த கதை உண்மையானது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்காரும் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டர்தான். பாட்டு கேட்க உட்கார்ந்தவர் தெரியாமல் ஒரு ஃபைலைத் திறந்தால் அந்த ஃபைலுக்கும் முழு அதிகாரம் கிடைத்துவிடும். லினக்ஸில் சாதாரண யூசர் வேறு, முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கு வேறு என்பது ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2001-இல் கோட் ரெட், நிம்டா என்ற, தானாகவே பரவும் இரண்டு வார்ம்கள் மைக்ரோசாஃப்ட் சர்வர்களைப் பதம் பார்த்த பிறகு, 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினார்: புது வசதியா பாதுகாப்பா என்று வந்தால் இனி பாதுகாப்புதான். எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தது 2004-இல். அதில்தான் ஃபயர்வால் தானாகவே ஆன் ஆகி வர ஆரம்பித்தது. இன்றைய விண்டோஸ் 11-ஐ அந்தக் கால எக்ஸ்பியோடு சேர்த்துத் திட்டுவது நியாயம் இல்லை.

மேக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற மால்வேர் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மேக்குகளில் புகுந்தது. அது வந்தது ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக. ஜாவாவின் சொந்தக்காரரான ஆரக்கிள் கம்பெனி பிப்ரவரியிலேயே அதற்கு பேட்ச் கொடுத்துவிட்டது. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது ஏப்ரலில். மேக் நல்ல மெஷின்தான், ஆனால் அந்த இடைவெளியில் அதன் பெயர் யாரையும் காப்பாற்றவில்லை.

இப்போது லினக்ஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "சோர்ஸ் கோட் (மென்பொருளின் மூல வரிகள்) எல்லோருக்கும் தெரியும், ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதனால் திருட்டுத்தனம் நடக்காது" என்பதுதான் உங்கள் முதல் நண்பரின் முக்கிய வாதமாக இருக்கும். 2024 மார்ச்சில் அந்த வாதத்துக்குப் பெரிய சோதனை வந்தது.

எக்ஸ்-இசட் என்று ஒரு சிறிய மென்பொருள் உண்டு. ஃபைல்களைச் சுருக்குவதுதான் அதன் வேலை. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும், பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அதை வருஷக்கணக்காகப் பராமரித்து வந்தவர் லாஸே காலின் என்ற ஒரே ஆள், சம்பளம் கிடையாது. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள், எல்லாம் ஒழுங்கான வேலை. 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்கு அழுத்தம் வர ஆரம்பித்தது: ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியவில்லை என்றால் வேறொருவரிடம் கொடுங்கள். தனக்கு மனநலச் சிக்கல் இருப்பதையும், இது காசு வாங்காமல் செய்கிற வேலை என்பதையும் காலின் அந்த மென்பொருளின் மின்னஞ்சல் பட்டியலிலேயே எழுதியிருக்கிறார். படித்தால் மனசு கஷ்டப்படும். கடைசியில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட 5.6.0 பதிப்பிலும் அடுத்த மாதம் வந்த 5.6.1-இலும் ஒரு பின்கதவு இருந்தது. ரகசியச் சாவி வைத்திருப்பவர் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் முறை) வழியாக எந்த அனுமதியும் இல்லாமல் சர்வருக்குள் வந்து நினைத்த கட்டளையை ஓட்டலாம்.

அதை ஒளித்த விதத்தைக் கவனியுங்கள். எல்லோரும் பார்க்கிற சோர்ஸ் கோடில் அது நேராக இல்லை. சோதனைக்காக வைத்திருந்த, உடைந்த மாதிரி ஃபைல்களுக்குள் புதைத்திருந்தார்கள். அதைத் தோண்டி எடுக்கும் ஸ்கிரிப்ட் வரி, வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த பொட்டலத்தில் மட்டும் இருந்தது, பொது களஞ்சியத்தில் இல்லை. அதாவது ஆயிரம் பேர் பார்க்கக்கூடிய இடம் ஒன்று, மெஷினில் போய் உட்கார்ந்த சரக்கு வேறு.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுபவர்களில் ஒருவர், சம்பளம் வாங்குவது மைக்ரோசாஃப்டில். டெபியன் என்ற லினக்ஸ் வகையின், இன்னும் நிலைபெறாத அன்ஸ்டேபிள் பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் லாகின் தேவைக்கு மேல் சிபியூவைத் தின்பதைக் கவனித்தார். 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி எடுத்தது. அரை விநாடி! நம்மில் எத்தனை பேர் அதை ஒரு பொருட்டாக எடுப்போம்? அவர் விடாமல் நூல் பிடித்துப் போய் எக்ஸ்-இசட்டில் நின்றார். மார்ச் 29 அன்று பொது மின்னஞ்சல் பட்டியலில் எல்லா விவரத்தையும் எழுதினார். டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குள் அது போவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

லினக்ஸ் ஆதரவாளர்கள் இதை வெற்றி என்றார்கள், எதிர்ப்பாளர்கள் தோல்வி என்றார்கள். எனக்கு இரண்டுமே உண்மையாகப் படுகிறது. சம்பளம் இல்லாத ஒரு மனிதரின் தோளில் உலகத்தின் பாதி சர்வரை ஏற்றிவைத்தது தோல்வி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெளி ஆள் ஒருவர் சந்தேகம் வந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே இறங்கிப் பார்க்க முடிந்ததே, மூடிய மென்பொருளில் அது அவ்வளவு எளிதில் நடக்காது. சோலார்விண்ட்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் ஓரியன் மென்பொருள் அப்டேட்டில் ஊடுருவல்காரர்கள் தங்கள் கோடைச் சேர்த்தார்கள். அது 2020 மார்ச் முதல் சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போயிற்று, வெளியே வந்தது டிசம்பரில். பின்னால் கம்பெனி நின்றது, கையெழுத்திட்ட அப்டேட் வந்தது, எல்லாம் முறைப்படிதான். எக்ஸ்-இசட் ஐந்து வாரத்தில் பிடிபட்டது. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை.

அப்புறம், வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர். "விண்டோஸ் ஓட்டை" என்று பேசுபவர்கள் எல்லோரும் இழுக்கும் உதாரணம். அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது 2017 மார்ச் 14. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடம் இருந்த தாக்குதல் கருவி திருடுபோய் இணையத்தில் வெளியானது ஏப்ரல் 14. வான்னாக்ரை பரவியது மே 12. ஏறக்குறைய இரண்டு மாதம் மருந்து கையில் இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவைசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. ஓட்டையை ரகசியமாகப் பதுக்கி வைத்திருந்த என்எஸ்ஏ மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பேட்ச் போட்டிருந்த விண்டோஸ்களில் அது பரவ முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் இந்த பேட்ச் விஷயம் ஏன் இன்னும் மோசம் தெரியுமா? திருட்டு விண்டோஸ். சின்னக் கடைகளில் அசெம்பிள் செய்த மெஷினில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டு, ஆக்டிவேட் செய்ய ஒரு கிராக்கை ஓட்டுவார்கள். அந்த கிராக்கை விண்டோஸ் டிஃபெண்டர் மால்வேர் என்று பிடித்துவிடும். அதனால் முதல் வேலையாக டிஃபெண்டரை ஆஃப் செய்வார்கள், இல்லையென்றால் ஒரு ஃபோல்டரைக் காட்டி "இதைப் பார்க்காதே" என்று விலக்கு கொடுப்பார்கள். அப்டேட் வந்தால் ஆக்டிவேஷன் போய்விடும் என்று அப்டேட் சர்வீஸையும் நிறுத்திவிடுவார்கள். "சார், அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் மெஷினையே கொடுப்பார்கள். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பல வருஷமாக வீட்டு மெஷின்களைக் காலி செய்வது இந்த கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். இப்படி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு விண்டோஸ் பாதுகாப்பா இல்லையா என்று விவாதிப்பது, பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவின் மரம் தேக்கா வேம்பா என்று கேட்பது போல.

நான் கூடவே இருந்து பார்த்த ஒரு சம்பவம். ஒரு பனியன் கம்பெனி. கணக்காளர் வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று யாரோ ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மினோடு மூன்று எண். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உள்ளே வந்திருக்கிறார்கள். திங்கள் காலை டேலி டேட்டா, எக்ஸல், ஸ்கேன் செய்த பில்கள் எதுவும் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிட்காயின் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். பேக்கப்புக்கென்று வாங்கிய ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் சர்வரிலேயே செருகியிருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. அந்தக் கணக்காளர் ஆறு மாத பில் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து என்ட்ரி போட்டார். அந்த சர்வரில் இருந்தது ஒரிஜினல் விண்டோஸ், அப்டேட்டும் ஆகியிருந்தது. இதே பாஸ்வேர்டோடு லினக்ஸ் சர்வரைத் திறந்து வைத்திருந்தாலும் கதி அதேதான்.

மிகை என்று நினைத்தால் மிராய் பாட்நெட்டைப் பாருங்கள் (பாட்நெட் என்றால் பிடிபட்ட கருவிகளை ஒரே ஆள் ஆட்டிவைக்கும் படை). 2016-இல் அது பிடித்துக்கொண்டது முழுக்க லினக்ஸ் ஓடும் சிசிடிவி கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும்தான். கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான் ஓட்டை. அந்த அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளை ஏவி நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின.

2024 ஜூலை 19 பற்றியும் உங்கள் நண்பர்கள் பேசுவார்கள். அன்றைக்கு 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன, இண்டிகோ கவுன்ட்டர்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அது தாக்குதல் அல்ல. விண்டோஸ் அப்டேட்டும் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு ஃபைல், நம் நேரப்படி காலை 9.39-க்கு வெளியாகி 10.57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் அந்த ஃபைல் வந்து இறங்கிய மெஷின்களை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அதை அழிக்க வேண்டியிருந்தது. கெர்னல் (ஓஎஸ்ஸின் உள்மையம்) வரைக்கும் ஒரு வெளி மென்பொருளை விட்டால், அதில் ஒரு தப்பு நடந்தால் ஓஎஸ்ஸும் சேர்ந்து விழும். ஆகவே அப்டேட் அவசியம் என்று சொல்லும் நானே, எல்லா மெஷினுக்கும் ஒரே நிமிஷத்தில் அப்டேட் தள்ளுவதை ஆதரிக்க மாட்டேன். முதலில் இரண்டு மெஷின், மறுநாள் மற்றவை.

சரி, உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச பேட்ச் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நிறுவனங்கள் பணம் கட்டினால் மூன்று வருஷம் வரை கிடைக்கும். டேலியை விண்டோஸுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதில்தான் தொந்தரவு இல்லாமல் ஓடும். எனவே அந்த வேலை நடக்கும் மெஷின்களுக்கு ஒரிஜினல் விண்டோஸ் 11 போடுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாத பழைய மெஷின்களை, பிரவுசரும் மெயிலும் மட்டும் போதும் என்பவர்களிடம் லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுக்கலாம், அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. மாற்றும் முன் ஒரு மெஷினில் மட்டும் போட்டு பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் தட்டச்சு மூன்றையும் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பழைய கடிதங்கள் வானவில், பாமினி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைல்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

எந்த ஓஎஸ் ஆனாலும் தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம், ரிமோட் டெஸ்க்டாப்பை விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) இல்லாமல் திறக்க வேண்டாம். பேக்கப் டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், ஒன்று எப்போதும் கழற்றி பீரோவில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு டேலி கம்பெனியை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து திறக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரில் என்னென்ன போர்ட் திறந்திருக்கிறது என்று தெரியவில்லை என்றால் மாடல் பெயரைக் கமென்ட்டில் போடுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.